ஒன்பதாவது வட்டத்து மணல்

"இங்கே எதைக் காப்பாத்தணும்னு நீ நினைக்கிறே?"

பழைய இடங்களை மரபுச் சின்னங்களாகப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தின் முதல் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மைதானத்தின் ஓட்டுக் கட்டடத்தைக் காட்டினேன். வாசலில் நிற்கும் பெரிய மரத்தைக் காட்டினேன். அவர் இரண்டுக்கும் தலையாட்டினார், ஆனால் கையிலிருந்த பேனாவைத் திறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாவிட்டால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அங்கே அதற்கும் வழியில்லை.

இப்போது பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால், எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி எங்களோடு குடியிருந்த பொறாமையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் மைதானம் பழையது. ரயில் பாதை போட வந்தவர்கள் பொழுது போகாமல் அமைத்தது என்று சொல்வார்கள். மொத்தம் ஒன்பது குழிகள். கோல்ஃப் விளையாட்டில் ஒவ்வொரு குழியையும் சுற்றி வழவழப்பான தளம் ஒன்று இருக்க வேண்டும். பந்து அதில் உருண்டுபோய்க் குழிக்குள் விழ வேண்டும். தண்ணீர் உள்ள ஊர்களில் அந்தத் தளம் ஒட்ட வெட்டிய புல்லாக இருக்கும். எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கே முறை வைத்துத்தான் குழாய் திறப்பார்கள். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் மணலைச் சலித்து, வண்டிப் பட்டறையில் மிஞ்சும் பழைய எண்ணெயை அதில் பிசைந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பிவிட்டார்கள். எண்ணெய் குடித்த மணல் காற்றுக்குப் பறக்காது. பந்தும் அதில் அழகாக உருளும். ஒரே தொல்லை, நடந்தால் கால்தடம் விழும். ஒரு கூட்டம் ஆடிவிட்டுப் போனதும், அடுத்த கூட்டம் வருவதற்குள் யாராவது அந்தத் தடங்களை அழித்து மணலைச் சமன் செய்ய வேண்டும்.

அந்த யாராவதுதான் என் அம்மா.

அம்மாவின் கருவி ஒரு இரும்புக் குழாய். நீளமான கைப்பிடி, குழாய்க்குப் பின்னால் ஒரு பழைய கம்பளத் துண்டு. அம்மா குழியின் ஓரத்தில் நின்று, அதை இழுத்தபடி சுற்ற ஆரம்பிப்பார். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். இடையில் நிற்கக் கூடாது, நின்றால் மணலில் வடு விழும். கடைசிச் சுற்றில் விளிம்புக்கு வெளியே கால் வைக்கும்போது உள்ளே ஒரு தடம்கூட இருக்காது. கல்லெறிந்த குளத்தில் அலை பரவி அப்படியே உறைந்துவிட்டது போல, வரி வரியாக மணல் கிடக்கும். மைதானத்துக்கு வருபவர்கள் அம்மாவுக்கு 'இஸ்திரி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஊரிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கூட "இஸ்திரியம்மா, தக்காளி இன்னைக்கு நல்லா இருக்கு" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டிலும் அம்மா அப்படித்தான். தரை துடைத்தால் அறையின் நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வாசலுக்கு வருவார். காய்வதற்குள் யாராவது கால் வைத்துவிட்டால் போச்சு. லாரி ஓட்டிவிட்டு அலுத்து வரும் அப்பா எத்தனையோ முறை கையில் செருப்போடு வாசலிலேயே நின்றிருக்கிறார். இழுத்து இழுத்து அம்மாவின் வலது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. எந்தச் சோப்புப் போட்டாலும் விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு போகாது.

இதில் பொறாமை எங்கே வந்தது என்றால், பெரியம்மாவிடமிருந்து.

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. முதலில் எங்கள் மைதானத்தில் மணல் இழுத்தது அவர்தான். அதுவும் ஓட்டுக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஒன்பதாவது வட்டம் அவருடையது. பிறகு பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஹோட்டல் வந்தது. ஹோட்டலோடு சேர்ந்து ஒரு புதிய கோல்ஃப் மைதானமும் வந்தது, முழுக்க முழுக்கப் புல்லோடு. பெரியம்மா அங்கே வேலைக்குப் போனார். புல் வெட்டும் மெஷினில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். சில வருஷங்களில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். பச்சைச் சீருடை, முழங்கால் வரை பூட்ஸ், சட்டைப் பையில் ஹோட்டல் பெயர் போட்ட அட்டை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அந்த அட்டையைக் கழற்ற மாட்டார். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் அந்த எண்ணெயிலயே கிடக்குறியாடி?" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வார். பெரியம்மா பஸ் ஏறிய பிறகு பாத்திரங்கள் விழும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு எரிகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அப்பா ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உங்கக்கா உக்காந்துக்கிட்டு வேலை பாக்குறா. நீ நின்னுக்கிட்டே பொறாமைப்படுறே. கால் வலிக்கலையா உனக்கு?" அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை குழம்பு கிடைக்கவில்லை.

எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. பஸ்ஸில் பக்கத்து ஊரைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்க்கக் கூடாது என்று மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். திரும்பிய பிறகும் கழுத்து தானாக அந்தப் பக்கமே போகும்.

பெரியம்மாவைப் பார்க்க அம்மா அங்கே போகும்போதெல்லாம் கையில் சாப்பாட்டு டப்பா ஒன்று இருக்கும். அக்காவுக்கு ஏதாவது செய்து எடுத்துப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். போகும்போது அது உண்மைதான். திரும்பி வரும்போது டப்பாவுக்குள் வேரோடு கிள்ளிய புல் இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், அம்மா அதை நட்டு வளர்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போகும். முதலில் உள்ளங்கை அளவு இருந்தது, பிறகு பாய் அளவு, பிறகு துணி துவைக்கப் போனால் நிற்க இடம் இல்லாத அளவு. எதற்கு இது என்று கேட்டால், "சும்மா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமே" என்பார். அந்தப் புல்லைப் பார்க்கும்போது அம்மாவின் கண்ணில் குளிர்ச்சியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. மைதானத்தைக் கிடங்குகள் கட்டக் கொடுத்துவிட நகராட்சி யோசிக்கிறது. மைதானத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரர், பதறிப்போய் மரபு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டார். பழைமையான இடம் என்று அவர்கள் பதிவு செய்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

விஷயம் பெரியம்மா காதுக்கும் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவின் தோளைத் தட்டி, "கவலைப்படாதேடி. மைதானத்தை மூடிட்டா என்கிட்ட வந்துடு. நான் மேனேஜர்கிட்ட சொல்லி வைக்கிறேன். முதல்ல வாளி தூக்குற வேலைதான் கிடைக்கும், போகப்போகப் பாத்துக்கலாம்" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார் என்று இப்போது நம்புகிறேன். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மைதானம் போனால் அம்மாவுக்கு வேலை போகும், அது ஒரு பக்கம். அக்காவின் கீழே, அக்காவின் மெஷினுக்குப் பின்னால், வாளி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதுதான் அம்மாவால் தாங்க முடியாததாக இருந்தது. அதைவிட வீட்டில் பட்டினி கிடக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

மறுநாளே அம்மா செயலாளரிடம் போய் நின்றார். எண்ணெய் மணலைப் பார்த்து எந்த அதிகாரி மதிப்புக் கொடுப்பார், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் ஒன்பதாவது வட்டத்தையாவது புல்லாக்கிவிடுவோம், புல் என் வீட்டிலேயே இருக்கிறது என்றார். செயலாளருக்கு அது அருமையான யோசனையாகத் தோன்றியது. அவரும் எத்தனையோ வருஷமாகப் பக்கத்து ஊர் மைதானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்தானே. விருந்தாளி வரும்போது முன்னறையை மட்டும் வெள்ளையடிப்பது மாதிரி என்று அவரே உதாரணமும் சொன்னார்.

ஒன்பதாவது வட்டத்து மணலை அம்மாவும் நானும் மண்வெட்டியால் அள்ளினோம். மேலே இருந்தது பழுப்பாக இருந்தது. ஆழப் போகப் போகக் கறுப்பாக, கட்டியாக, வெல்லப் பாகு மாதிரி ஒட்டியது. எத்தனையோ பேர் காலங்காலமாக ஊற்றிய எண்ணெய். அதை வண்டியில் ஏற்றிக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டினோம். கொல்லைப் புல்லைப் பாளம் பாளமாக வெட்டிக் கொண்டுவந்து பதித்தோம். ஒட்டுப்போட்ட போர்வை மாதிரிதான் இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வேர் பிடித்தது. ஆட்டக்காரர்கள் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். பந்து அதில் உருளாமல் தவளை மாதிரி தத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதிகாரி வரும் வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மா பெரியம்மாவை வீட்டுக்குக் கூப்பிடாமல் மைதானத்துக்குக் கூப்பிட்டார். அதுவும் பக்கவாட்டு வழியாக வரக் கூடாது, பெரிய கேட் வழியாகத்தான் வர வேண்டும் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அம்மா தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டார்.

பெரியம்மா கேட்டைத் தாண்டினார், நின்றார். ஒன்பதாவது வட்டத்துக்கு வந்து குனிந்து ஒரு இலையைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது எங்க புல்லு" என்றார்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. நான் வாசல் மரத்தைப் பார்த்துக்கொண்டேன். திருட்டைப் பற்றித்தான் அடுத்து வரும் என்று நினைத்தேன். பெரியம்மா அதைத் தொடவே இல்லை. வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "மணல் எங்கடி?" என்றார்.

அம்மா பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினார். பெரியம்மா போய்ப் பார்த்தார். அங்கே கறுப்பாகக் குவிந்து கிடந்ததையும், அதன்மேல் யாரோ போட்டிருந்த காகிதக் கோப்பைகளையும் பார்த்தார். அந்தப் பச்சைச் சீருடையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத ஒன்றைத்தான் பார்த்தேன்.

"அங்க நான் ஓட்டுற மெஷின்ல நாளைக்கு யாரு ஏறி உக்காந்தாலும் இதே கோடுதான் விழும்" என்றார். "உன் வட்டத்தைத் தூரத்துல இருந்து பாத்தாலே இது உன் கைன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எதுக்கு வர்றேன்னு நினைச்சே? பஸ்ஸை விட்டு இறங்கி இங்க வந்து பாத்துட்டுத்தான் உன் வீட்டுக்கே வருவேன். வயிறு எரியும்டி எனக்கு."

அம்மா மணல்மேல் கிடந்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்கினார். கடைசியில், "வயிறு எரிஞ்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.

"நீ சொன்னியா?"

டப்பாவில் வந்த புல்தான் அங்கே பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பெரியம்மா லீவு போட்டுவிட்டு வந்தார். சீருடை இல்லை, அட்டையும் இல்லை. கொத்தனார் ஒருவரிடம் மணல் சலிக்கும் சல்லடை வாங்கி வந்திருந்தார். அக்காவும் தங்கையும் புல்லைப் பெயர்த்தார்கள். பள்ளத்திலிருந்து மணலை அள்ளிச் சலித்தார்கள். வேலை செய்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். எண்ணெயை எவ்வளவு ஊற்றுவது என்று ஒரு சண்டை. யார் மிதித்தது என்று ஒரு சண்டை. செயலாளர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளதும் போச்சு என்று புலம்பினார். பள்ளத்து மண் கலந்துவிட்டதால் நிறைய மணல் தேறவில்லை. புது மணல் சேர்க்க வேண்டியதாயிற்று. வட்டம் ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெளுப்புமாகத் தேமல் விழுந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. அது முடிவதற்குள் அதிகாரியும் வந்துவிட்டார்.

அவருக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்ட, கை காலியாக இருந்த ஒரே ஆள் நான்தான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கட்டடத்தையும் மரத்தையும் காட்டி முடித்ததும், அவர் முதல் வட்டத்தின் விளிம்பில் மண்டியிட்டு ஒரு சிட்டிகை மணலை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு வட்டமாக நடந்தோம். ஒவ்வொன்றிலும் அவர் பேனா திறந்தது. எட்டாவதில் நின்று, அம்மா காலையில் இழுத்துவிட்டிருந்த வரிகளை நெடுநேரம் பார்த்தார். அடுத்தது ஒன்பதாவது.

அங்கே அக்காவும் தங்கையும் ஒரே கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் இழுப்பது என்று சண்டை. எங்களைப் பார்த்ததும் இருவரும் கையை விட்டார்கள். குழாய் மணலில் விழுந்து வடு ஏற்படுத்தியது.

அதிகாரி அந்தத் தேமலைப் பார்த்து, இதற்கு மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார். செயலாளர் முந்திக்கொண்டு, மழைத் தண்ணீர், கரையான் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா குறுக்கிட்டார்.

"நான்தாங்க தோண்டிக் கொட்டினேன். அக்காவோட மைதானம் மாதிரி இதுவும் பச்சையா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். பொறாமைதாங்க. வேற ஒண்ணுமில்ல."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தோடு மைதானம் போயிற்று என்று நானும் நினைத்தேன். அம்மா வாளியோடு மெஷினுக்குப் பின்னால் நடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. கொஞ்சம் களைத்தவர் போலத்தான் பேசினார்.

"இந்த மாதிரி மணல் வட்டம் ஒரு காலத்துல தண்ணி இல்லாத ஊர்ல எல்லாம் இருந்திருக்கு. தண்ணி இல்லேன்னா என்ன, இருக்குறதை வச்சு ஆடலாம்னு ஊருக்கு ஊர் பண்ணியிருக்காங்க. இப்போ தேடிப் போனா எங்கயும் இல்ல. யாரும் வந்து இடிக்கல. பக்கத்து ஊரைப் பாத்துப் பாத்து, அவங்கவங்களே தோண்டிப் போட்டுட்டாங்க."

பெரியம்மா குனிந்து, விழுந்த குழாயை எடுத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா குழியின் ஓரத்துக்குப் போனார். அதிகாரி பார்க்கப் பார்க்க, சுற்றிச் சுற்றி, நிற்காமல், விளிம்பு வரை இழுத்து முடித்தார். கறுப்பும் வெளுப்புமாக வரிகள் பரவின. எனக்கு அது மோசமாகத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. மைதானம் பதிவாகிவிட்டது. கிடங்குத் திட்டம் வேறு இடம் தேடிப் போயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். இந்த மைதானத்தின் எட்டு மணல் வட்டங்கள் பாதுகாக்கப்பட்டவை என்று அதில் எழுதியிருக்கிறது. எட்டுதான். ஒன்பதாவது புதிதாகச் செய்யப்பட்டது என்பதால் கணக்கில் சேரவில்லை. ஆட்டமென்னவோ ஒன்பதிலும் நடக்கிறது. அம்மா தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். அதைத் துடைப்பதும் அவர்தான்.

ஒன்பதாவது வட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா இழுக்கிறார். மற்ற நாளில் மெஷின், அந்த ஒரு நாள் மணல். அவருடைய வரிகள் அம்மாவுடையதைவிட நெருக்கமாக விழும். போன வாரம் ஒரு ஆட்டக்காரர், "அடடா, ஒன்பதாவதுதான் இப்போ பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மறுபடியும் விழுந்தன. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஒரு வித்தியாசம் உண்டு. அடுத்த ஞாயிறு அம்மா நேராகப் போய், "எனக்கு வயிறு எரியுதுக்கா, அந்த நெருக்கம் எப்படி வருது, காட்டு" என்று கேட்டார். பெரியம்மா காட்டவில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்குக் கடைசி பஸ் தவறிவிட்டது.

அந்த அதிகாரி மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. எங்களிடம் தண்ணீர் இல்லாததால் உண்டான அந்த மணலைத்தான் காப்பாற்ற வேண்டும். முக்கியமாக எங்களிடமிருந்து.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு ஊரில், பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு யாராவது இப்போதே மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் காதில் விழும்வரை என் அம்மாவின் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருங்கள். பொறாமைக்காரி என்று சேர்த்தே சொல்லலாம், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியம்மாவின் வரிகள்தான் நெருக்கமானவை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.